வில்லையின் விலையும் படத்தின் மதிப்பும்



லென்ஸ் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் கண்ணாடி வில்லை ஒன்றுக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இது செல்வந்தரின் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று. கண்டி நகரிலும், அதனைச் சூழ்ந்த பேராதனை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை, மாத்தளை முதலிய ஊர்களிலும், திருமணமும் பூப்பு நீராட்டு விழாவும் கோயில் திருவிழாவும் படம் பிடித்துக் குடும்பம் நடத்துகின்ற இளைஞர் பலர் உளர். கடன்பட்டுக் கமரா வாங்கிய அவர்களுக்கு, அடுத்தபடியாக விலை உயர்ந்த வில்லை ஒன்றை வாங்கினால்தான் தொழிலில் முன்னேறலாம் என்ற எண்ணம் எளிதில் எழுகின்றது. எனவே, இது பிழைப்பைத் தொட்ட கேள்வி.

முதலில் விலையைப் பார்ப்போம். யப்பானிய நிறுவனமாகிய கெனன் 2015 ஆம் ஆண்டில் 50 மில்லிமீற்றர் குவியத்தூரம் உடைய வில்லை ஒன்றை வெளியிட்டது. வெளிவந்தபோது அதன் விலை 125 அமெரிக்க டொலர். நிறை 160 கிராம். உள்ளே இருப்பவை 6 கண்ணாடித் துண்டுகள். அதற்கு இரண்டாண்டு முன்னர், 2013 இல், ஜேர்மனிய நிறுவனமாகிய ஸைஸ், ஓட்டஸ் என்னும் பெயரில் 55 மில்லிமீற்றர் வில்லை ஒன்றை வெளியிட்டது. வெளிவந்தபோது அதன் விலை ஏறக்குறைய 4,000 டொலர். நிறை ஒரு கிலோகிராம் அளவு. உள்ளே 12 கண்ணாடித் துண்டுகள். இரண்டும் ஏறத்தாழ ஒரே காட்சியைத்தான் காட்டும். விலையோ 32 மடங்கு வேறுபடுகின்றது.

டொலர் ஒன்றுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வரி எதனையும் சேர்க்காமலே, முதலாவது வில்லை 37,500 ரூபாய். இரண்டாவது 12 லட்சம் ரூபாய். நம் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளருக்கு 2024 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தச் சம்பளத்தைக் கொண்டு கணக்கிட்டால், முதலாவது வில்லை 28 நாள் உழைப்பு. இரண்டாவது, ஒருநாளும் ஓய்வின்றி, ஒரு காசும் செலவிடாமல் உழைத்த ஏறத்தாழ 890 நாள் உழைப்பு. தோட்டப்புறத்திலிருந்து நகருக்கு வந்து படம்பிடிக்கும் தொழிலைத் தொடங்கிய ஒருவரின் வீட்டார், இந்தக் கணக்கை நம்மைவிட விரைவாகப் போட்டுவிடுவர்.

இவ்வளவு விலை எதற்காக? விற்பவர் ஏமாற்றுகின்றார் என்று சொல்லிவிட முடியாது. ஒளிக்கதிர் கண்ணாடியினுள் புகுந்து வெளியேறும்போது பல குறைகள் உண்டாகின்றன. சிவப்பும் நீலமும் ஒரே இடத்தில் குவிவதில்லை, படத்தின் நடுவிலே கூர்மையாக இருப்பது ஓரத்திலே மங்குகின்றது, நேர்க்கோடு வளைகின்றது. இக்குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்துவதற்கு வெவ்வேறு வகைக் கண்ணாடிகள் வேண்டும். 1884 இல் ஜேர்மனியின் ஜெனா நகரிலே ஷொட், அபே, ஸைஸ் முதலியோர் சேர்ந்து கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றை நிறுவியது இதற்காகவே. அத்தகைய கண்ணாடியை உருக்கிய பின், உள்ளே இறுக்கம் தங்காதபடி மிக மெதுவாக ஆறவிட வேண்டும். பின்னர் தேய்த்து, மெருகேற்றி, எல்லாத் துண்டுகளின் நடுவும் ஒரே கோட்டில் நிற்குமாறு பொருத்த வேண்டும்.

இன்னும் ஒன்றுண்டு. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கு அளவைத் திருப்பி அனுப்பிவிடுகின்றது. காற்றைத் தொடும் முகங்கள் 20 இருந்தால், உள்ளே சென்ற ஒளியில் பாதிக்கும் குறைவே மறுபக்கம் வந்து சேரும். 1935 இல் ஸைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்மக்குலா என்பவர் வில்லையின் முகத்தில் மிக மெல்லிய பூச்சு ஒன்றைப் படியவைத்து இந்த இழப்பைக் குறைக்கும் முறையை உருவாக்கினார். பல துண்டுகளை அடுக்கிய வில்லைகள் இன்று தெளிவான படத்தைத் தருவதற்கு இப்பூச்சே காரணம். ஆகவே விலை உயர்ந்த வில்லையிலே உண்மையான உழைப்பும் உண்மையான அறிவும் இருக்கின்றன. அந்த உழைப்பின் பயன் நம் படத்தில் எவ்வளவு வந்து சேர்கின்றது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இதனைச் சோதிப்பதற்குக் கண்டியைவிடத் தகுந்த இடம் வேறு வேண்டியதில்லை. எசல பெரஹராவை எடுத்துக்கொள்வோம். யூலை, ஓகஸ்ட் மாதங்களில், ஐந்து நாள் கும்பல் பெரஹராவும், அதனைத் தொடர்ந்து ஐந்து நாள் ரந்தோலி பெரஹராவும் வீதிவலம் வருகின்றன. தலதா மாளிகையின் யானையைத் தொடர்ந்து நாததேவர், விட்டுணு, கதிர்காமத்துக் கந்தன், பத்தினித் தெய்வம் ஆகிய நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களும் வருகின்றன. இரவு நேரம், கொப்பறை எரியும் தீப்பந்தங்களின் செவ்வொளி, அந்த ஒளியிலே கண்டிய நடனக்காரர் சுழன்று ஆடுகின்றனர். படம்பிடிப்பவருக்கு இதனைவிடக் கடினமான பரீட்சை வேறில்லை.

வில்லையின் வாய் எவ்வளவு அகலத் திறக்கும் என்பதை ஓர் எண்ணால் குறிப்பர். எண் சிறிதாக இருந்தால் வாய் பெரிது. கமராவுடன் சேர்த்து விற்கப்படும் சாதாரண வில்லை 50 மில்லிமீற்றர் நிலையில் பெரும்பாலும் 5.6 அளவுக்கே திறக்கும். தீப்பந்த ஒளியில் அதற்கு ஒரு செக்கனில் 25 இல் ஒரு பங்கு நேரம் தேவை என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் ஆடுபவரின் கையும் காலும் புகைபோல் கலைந்துவிடும். 37,500 ரூபாய் வில்லை 1.8 அளவுக்குத் திறக்கும். அது ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுவதால், செக்கனில் 240 இல் ஒரு பங்கு நேரம் போதும். சுழலும் உடல் அசையாமல் படத்தில் நிற்கும். 12 லட்சம் ரூபாய் வில்லையோ 1.4 அளவுக்குத் திறக்கும். செக்கனில் 400 இல் ஒரு பங்கு நேரம்.

முதற்படி ஏறுவதற்கு 37,500 ரூபாய் செலவு. கிடைத்தது பத்து மடங்கு ஒளி. அடுத்த படி ஏறுவதற்கு மேலும் 11 லட்சத்து 62 ஆயிரத்து 500 ரூபாய்; கிடைத்தது ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கூடுதலான ஒளியும், முழுவதும் திறந்த நிலையிலும் ஓரம்வரை குன்றாத கூர்மையும். தென்னையின் அடியில் ஏறுவது எளிது. உச்சியில் ஒவ்வொரு முழமும் கடினம். வில்லையின் விலையும் அப்படியே ஏறுகின்றது.

அன்றியும், அந்த விலை உயர்ந்த வில்லையைக் கையால் திருப்பித்தான் குவியப்படுத்த வேண்டும். தானே குவியப்படுத்தும் பொறி அதில் இல்லை. மூன்று மீற்றர் தொலைவில் நிற்கும் ஒருவரை முழுத்திறப்பில் எடுத்தால், ஒரு முழத்துக்கும் குறைவான ஆழமே தெளிவாக விழும். நடனக்காரர் ஓரடி முன்னால் வைத்தால் கூர்மை போய்விடும். திருமணப் பந்தலிலும் இதே நிலைமைதான். தாலி கட்டும் கணம் ஒருமுறைதான் வரும். அந்தக் கணத்தில் படம்பிடிப்பவரின் விரல் வில்லையைத் திருப்பிக்கொண்டிருந்தால், உலகத்தின் மிகச் சிறந்த கண்ணாடியும் மணமக்களுக்கு உதவாது.

பகல் வெளிச்சத்தில் என்ன நடக்கின்றது? பேராதனைப் பூங்காவின் பனைமரச் சாலையையோ, கண்டி வாவியில் விழும் மலைநிழலையோ முக்காலியின்மேல் கமராவை நிறுத்தி எடுப்பவர், வில்லையின் வாயை 8 அல்லது 11 அளவுக்குச் சுருக்குவார். அவ்வாறு சுருக்கும்போது மலிவான வில்லையின் குறைகள் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. மறுபுறம், சிறிய துவாரத்தின் ஓரத்தில் ஒளி சிதறுவது இயற்கையின் விதி; அந்த விதி விலை உயர்ந்த வில்லைக்கும் விலக்களிப்பதில்லை. ஆகையால் இரண்டும் நெருங்கிவந்து ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கின்றன. சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கிய படத்திலும், இன்னது இந்த வில்லையால் எடுத்தது என்று பிரித்தறிவது அரிது.

இனி, கண்டியும் மலைநாடும் கண்ட பழைய படப்பிடிப்பாளர் சிலரை நினைத்துப் பார்ப்போம். ஜோசெப் லோட்டன் என்னும் ஆங்கிலேயர் 1860 களின் நடுப்பகுதியில் கண்டியிலே புகைப்பட நிலையம் நடத்தினார். தொல்பொருட் குழுவின் வேண்டுகோளின்படி 1870, 1871 ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம், பொலன்னறுவை, சீகிரியா முதலிய இடங்களின் சிதைவுகளைப் படம்பிடித்தார். அக்காலத்து முறையில் கண்ணாடித் தட்டிலே இரசாயனப் பசையைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவி முடிக்க வேண்டும். வெயிலிலும் காட்டிலும் பெட்டிகளைச் சுமந்து சென்று இதனைச் செய்தவர் 1872 இல் காலமானார். அவருடைய வில்லைக்குப் பூச்சு இல்லை. இன்றைய மலிவான வில்லையின் வசதிகளும் இல்லை. ஆயினும் புதுப்பிக்கப்படுமுன் அந்தக் கட்டடங்கள் நின்ற கோலத்தை அறிய விரும்பும் ஆராய்ச்சியாளர் இன்றும் அவருடைய படங்களைத் தேடுகின்றனர்.

கண்டிக்குத் தெற்கே, டிக்கோயாப் பள்ளத்தாக்கிலே 1879 ஆம் ஆண்டு சனவரி மாதம் காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டவர் யூலியா மார்கரெட் கமரன் அம்மையார். கல்கத்தாவில் 1815 இல் பிறந்த இவர், தம் 48 ஆம் வயதில் மகளும் மருமகனும் பரிசளித்த கமராவைக் கொண்டு கலையைத் தொடங்கினார். அதில் இருந்தது ஜமின் என்னும் பிரெஞ்சு வில்லை. 1866 இல் டல்மேயர் நிறுவனத்தாரின் 30 அங்குலக் குவியத்தூரம் உடைய பெரிய வில்லை ஒன்றைப் பெற்றார். தட்டு பெரிதாயிற்று, முகங்கள் பெரிதாயின, ஆனால் அவருடைய படங்களின் மென்மை மாறவில்லை. கூர்மை போதாது என்று அக்காலத்து விமரிசகர் குறைகூறிய அதே படங்களை இன்று உலகத்தின் பெரிய நூதனசாலைகள் போற்றி வைத்திருக்கின்றன. 1875 இல் இலங்கைக்கு வந்தபின் அவர் களுத்துறையிலே நம் நாட்டு எளிய மக்களையும் படமெடுத்தார். அம்முகங்களில் நாம் காண்பது வில்லையின் கூர்மையை அன்று. எதிரே நின்றவரை மதித்து நோக்கிய ஒரு கண்ணை.

கூர்மையான கருவியே வேண்டாம் என்பதற்கு இவர்களைச் சான்றாகக் காட்டுகின்றேன் என்று கொள்ளவேண்டாம். கொழும்பைச் சேர்ந்த லயனல் வென்ட் தம் காலத்தின் உயர்ந்த கருவிகளாகிய லைக்காவையும் ரோலிபிளெக்ஸையும் கையாண்டவர். கண்டிய நடனக்காரரை அவர் எடுத்த படங்கள் புகழ்பெற்றவை. 1944 இல், தம் 44 ஆம் வயதில் அவர் மறைந்தார். நல்ல கருவி அவர் கையில் நன்றாகவே பயன்பட்டது. ஆனால் அவர் இருட்டறையில் செலவிட்ட நேரமும், இசையாலும் ஓவிய இரசனையாலும் பண்பட்ட அவருடைய உள்ளமும் அந்தக் கருவியோடு சேர்ந்து விற்கப்பட்டவை அல்ல. ஆனந்த குமாரசுவாமியின் கண்டிக் கைவினை பற்றிய பெருநூல் 1908 இல் வெளிவந்தபோது, அதில் அவருடைய மனைவியார் எத்தல் எடுத்த புகைப்படங்கள் இடம்பெற்றன. கைவினைஞரின் பட்டறைக்குச் சென்று பொறுமையோடு எடுத்த அப்படங்களை, இன்று எந்த விலை கொடுத்தும் திரும்ப எடுக்க முடியாது.

அப்படியாயின், விலை உயர்ந்த வில்லை எவருக்கும் தகாததா? தகும் இடங்கள் உண்டு. உடவத்தைக் காட்டின் அடர்ந்த மரநிழலில் ஒரு பறவையைத் தொலைவிலிருந்து எடுக்க விரும்புபவருக்கு 400 மில்லிமீற்றர் வில்லை 2.8 அளவுக்குத் திறப்பது பெரிய உதவி. 5.6 அளவுக்குத் திறக்கும் மலிவான வில்லையைவிட நான்கு மடங்கு ஒளி அதில் கிடைக்கும். கெனன் நிறுவனம் 2021 இல் வெளியிட்ட அத்தகைய வில்லையின் அப்போதைய விலை ஏறக்குறைய 12,000 டொலர். அதற்கு ஈடான மலிவான மாற்று இல்லை. அந்தப் படங்களை விற்று வாழ்பவருக்கு அது தொழிற்கருவி, தச்சனுக்கு உளிபோல. அதேவேளை, தெகல்தொருவைக் குகைவிகாரையில் நாயக்க வம்சத்து அரசர் காலத்துச் சுவரோவியங்களைப் பதிவு செய்பவருக்கு வேண்டியது, ஓரம்வரை ஒரே சீராகக் காட்டுகின்ற, அண்மைப் படத்துக்கென்று செய்யப்பட்ட நடுத்தர விலை வில்லையே. முக்காலியும் சீரான ஒளியும் இருந்தால் அது போதும்.

விலை உயர்ந்ததை வாங்குவோர் சொல்லும் நியாயம் ஒன்றையும் மறைக்கலாகாது. கமராவின் மதிப்பு சில ஆண்டுகளில் வீழ்ந்துவிடும்; நல்ல வில்லை பல கமராக்களைக் கடந்து வாழும் என்பர். இஃது உண்மையே. ஆனால் கண்டியில் இந்த நியாயத்துக்கு ஓர் எதிரி உண்டு. அதன் பெயர் பூஞ்சணம்.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ, மகாவலி வளைந்தோட அமைந்த நம் நகரிலே காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் நூற்றுக்கு 70 ஐத் தாண்டியே நிற்கின்றது. பூஞ்சண வித்துக்கள் எங்கும் மிதக்கின்றன. தோலுறையில் இட்டு அலுமாரிக்குள் பூட்டிய வில்லை அவற்றுக்கு நல்ல வயல். ஈரமும் இருளும் அசையாத காற்றும் கிடைத்தால், சில மாதங்களில் சிலந்திவலை போன்ற வெண்ணிற இழைகள் கண்ணாடியின்மேல் படரும். அவை வெளிவிடும் அமிலம் பூச்சை அரித்து, முற்றினால் கண்ணாடியிலும் தழும்பை உண்டாக்கும். 37,500 ரூபாய்க் கண்ணாடி, 12 லட்சம் ரூபாய்க் கண்ணாடி என்ற பேதத்தைப் பூஞ்சணம் அறியாது. ஈரப்பதனை நூற்றுக்கு 40 இலிருந்து 50 வரை காத்துநிற்கும் உலர்பெட்டி ஒன்று வேண்டும். அதற்கு இயலாதவர் காற்றுப்புகாத பிளாத்திக்குப் பெட்டியும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் வைத்து, அப்பொட்டலங்களை அவ்வப்போது சூடாக்கிப் புதுப்பிக்க வேண்டும். வில்லையை வாங்கிவிட்டு இந்தச் சிறு செலவுக்குத் தயங்குவது, ஆனையை வாங்கிய பின் அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதையாகும். வில்லையை வாரந்தோறும் வெளியே எடுத்து வேலைசெய்தல் அதனினும் நல்ல காவல்.

ஆகவே, வாங்க நினைப்பவர் தம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது. என் கையிலுள்ள வில்லையால் எடுக்க முடியாமற்போன படம் எது? அதனை எடுக்கவிடாமல் தடுத்தது கண்ணாடியா, அல்லது ஒளியும் நேரமும் பயிற்சியுமா? புதிய வில்லை வந்தபின் எத்தனை விழாக்களின் வருமானத்தால் அதன் விலை திரும்பி வரும்? முதற்கேள்விக்கு விடை சொல்ல முடியாதவர் கடைக்குச் செல்ல வேண்டியதில்லை. இரண்டாவதற்குக் கண்ணாடிதான் என்று துணிந்து சொல்லக்கூடியவர், ஓரிரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்க்கட்டும். மூன்றாவதன் கணக்கு நேராக வந்தால் தாராளமாக வாங்கட்டும். கணக்கு வராமல், அயலவர் வைத்திருக்கின்றார் என்பதற்காக மட்டும் தவணைக் கடன் எடுத்தால், மாதந்தோறும் அந்தத் தவணையைக் கட்டுவது வீட்டின் உலைப்பானைதான்.

விலை உயர்ந்த வில்லை, எடுப்பவர் ஏற்கனவே காண்பதை இன்னும் சற்றுத் தெளிவாகக் காட்டும். அவர் காணாததை அது காட்டாது. மழை ஓய்ந்த மாலையில் கண்டி வாவியின் மதிலோரம் எத்தகைய ஒளி விழுகின்றது, தவில் முழங்கும்போது மணப்பெண்ணின் தாய் எந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைக்கின்றாள் என்பதை அறிவதற்குப் பணம் வேண்டியதில்லை. பல நாள் நின்று பார்க்கும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை உடையவர் கையில் 37,500 ரூபாய்க் கண்ணாடியும் தன் விலைக்கு மேலாக உழைக்கும். அதனை முழுவதும் உழைக்க வைத்து, அதன் எல்லையையும் கண்டறிந்தவருக்கே அடுத்த வில்லை தகுதியானது.